இரண்டு... ஒன்று... பூஜ்யம்! பிஸ்டலை எளிமையாக்கிய ஜான் பிரவுனிங்கின் கதை

குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வெச்சதும், பசி தாங்காம மூடியைத் திறக்கப் போயிருக்கீங்களா? அம்மாவோ பாட்டியோ ஓர் அதட்டல் போட்டிருப்பாங்க. பிரஷர் முழுசா இறங்குறவரைக்கும் மூடியில் கை வைக்கக் கூடாது. இது நம்ம சமையலறையின் முதல் பாடம். ஆனா, இட்லிப் பானை அப்படியில்லை. அதற்குப் பூட்டே கிடையாது. மூடி தன் எடையில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆவி அதிகமானா லேசாகத் தூக்கிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

நூற்றி இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் ஒரு மனிதர் இதே பிரச்னையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாத்திரம் கொஞ்சம் வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புப் பாத்திரம். உள்ளே வெடிப்பது பருப்பு அல்ல, வெடிமருந்து!

அவர் ஜான் மோசஸ் பிரவுனிங். இன்றைக்கு உலகம் முழுக்க போலீஸ், ராணுவத்தினரின் இடுப்பில் இருக்கும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்களில் பெரும்பாலானவை, அவர் யோசித்த வழியில்தான் வேலை செய்கின்றன. அந்த வழியை அவர் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. கிட்டத்தட்ட 30 வருடங்கள், ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்த இடம் அது.

பழைய இரும்பில் ஒரு துப்பாக்கி

1855, ஜனவரி 23. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் இருக்கும் ஆக்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஜான். அப்பா ஜோனதன் பிரவுனிங், துப்பாக்கி செய்பவர், ரிப்பேர் பார்ப்பவர். மோர்மன் மதப்பிரிவைச் சேர்ந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள்! அந்தப் பெரிய குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு சின்னப் பட்டறை. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போடும் உடைந்த துப்பாக்கிகள்தான் சின்னப் பையன் ஜானின் விளையாட்டுச் சாமான்கள்.

அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. ஜானுக்கு 10 வயது. பட்டறைக் குப்பையில் கிடந்த பழைய துப்பாக்கிக் குழலை எடுத்து, மரக்கட்டையில் கட்டி, ஒரு துப்பாக்கியை ஒப்பேற்றிவிட்டான். விசையெல்லாம் கிடையாது. ஜான் குறிபார்க்க, தம்பி மேட் நெருப்புக் கங்கை வைக்க வேண்டும். இருவரும் காட்டுக்கோழிகளோடு வீடு திரும்பினார்கள். அடி விழும் என்று பயந்த பையனிடம், 11 வயது ஆகப்போகிறதே, இதைவிட நல்லதாகச் செய்ய முடியாதா என்று மட்டும் அப்பா கேட்டாராம்.

ஜானின் பள்ளிப் படிப்பு பதின்பருவத்திலேயே முடிந்துவிட்டது. இன்ஜினீயரிங் கல்லூரிப் பக்கமே போனதில்லை. பிற்காலத்திலும் முறையான வரைபடம் போட்டு வேலை செய்யும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மனசுக்குள் முழு இயந்திரமும் ஓடிப் பார்த்துவிடும். அதன் பிறகு நேராக இரும்பை வெட்டத் தொடங்கிவிடுவார்.

1879-ல் அப்பா இறந்தார். அதே வருடம்தான் ஜானுக்குத் திருமணமும் நடந்தது, முதல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு குண்டு மட்டும் போட்டுச் சுடும் ரைஃபிள் அது. தம்பிகளோடு சேர்ந்து சுமார் 600 ரைஃபிள்களைப் பட்டறையிலேயே செய்து விற்றார். அதில் ஒன்று கைமாறி வின்செஸ்டர் என்ற பெரிய துப்பாக்கி நிறுவனத்தின் கண்ணில் பட, அதன் நிர்வாகி 1883-ல் ரயிலேறி ஆக்டனுக்கே வந்துவிட்டார். 8,000 டாலருக்கு உரிமை கைமாறியது. அடுத்த 19 வருடங்கள் பிரவுனிங் டிசைன் செய்வார், வின்செஸ்டர் வாங்கும். தயாரிக்காவிட்டாலும் பரவாயில்லை, போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்றே பல டிசைன்களை வாங்கிப் பூட்டிவைத்தது அந்த நிறுவனம்.

சாய்ந்த புல்

அவர் வாழ்க்கையின் திருப்புமுனை, ஒரு புல்வெளியில் நடந்தது. 1889 வாக்கில் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் பயிற்சியில் இருந்தார். ஒருவர் சுடும்போது, குழல் முனையிலிருந்து சீறிய காற்று, எதிரே இருந்த புல்லைச் சாய்த்துவிட்டுப் போவதைக் கவனித்தார். அதுவரை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்த காட்சிதான். ஆனா, பிரவுனிங்குக்கு மட்டும் அது வீணாகப் போகும் சக்தியாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இவ்வளவு சக்தி காற்றில் கரைகிறதே, அதைப் பிடித்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைக் கொடுத்தால் என்ன?

அங்கிருந்து தானியங்கித் துப்பாக்கிகள் பக்கம் அவர் கவனம் திரும்பியது. அதே சக்தியைக் கைத்துப்பாக்கிக்குள் அடக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் நம்ம குக்கர் பிரச்னை வருகிறது.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அந்த அதிர்வின் சக்தியிலேயே, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளி, திரும்பி வரும்போது புதிய தோட்டாவை ஏற்றிவிடும். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனா, குண்டு குழலைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் ஸ்லைடு திறந்துவிட்டால், உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் சுடுபவர் பக்கமே திரும்பும். பிரஷர் இறங்கும்முன் குக்கரைத் திறந்த கதைதான்.

தோட்டா சின்னதா இருந்தா கவலையில்லை. இட்லிப் பானை மூடி மாதிரி, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே தேவையான தாமதத்தைக் கொடுத்துவிடும். பெரிய தோட்டா என்றால் அது போதாது. குழலையும் ஸ்லைடையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். குண்டு வெளியேறும்வரை பூட்டியே இருக்க வேண்டும். வெளியேறிய மறுகணம் தானாகத் திறக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு கைக்குள் அடங்கும் இடத்தில் செய்ய வேண்டும்.

ஒரே நாளில் 4 விடைகள்

1897, ஏப்ரல் 20. அன்றைக்கு ஒரே நாளில் பிரவுனிங்குக்கு 4 பிஸ்டல் காப்புரிமைகள் கிடைத்தன. நான்கும் ஒரே கேள்விக்கு நான்கு விதமான விடைகள். ஒன்றில், வெடிமருந்துப் புகையின் அழுத்தமே பூட்டைத் திறக்கும். இன்னொன்றில், குழல் திருகிக்கொண்டு விடுபடும். மூன்றாவதில், குழல் கீழே இறங்கி விடுபடும். நான்காவதில் பூட்டே இல்லை, இட்லிப் பானை வகை!

இதில் அவர் எந்த விடையையும் காதலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எது வேலை செய்யும் என்று பார்க்க எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறார்.

பூட்டு இல்லாத பிஸ்டலுக்கு உடனே வாடிக்கையாளர் கிடைத்தார். பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே எஃப்.என். என்றொரு ஆயுதத் தொழிற்சாலை. ஆர்டர்கள் குறைந்து தடுமாறிய காலத்தில், சைக்கிள் தயாரிப்பு பற்றித் தெரிந்துகொள்ள அதன் வணிக நிர்வாகி அமெரிக்கா வந்தார். சைக்கிள் தேடி வந்தவர், பிரவுனிங்கின் பிஸ்டலோடு ஊர் திரும்பினார்! ஐரோப்பாவில் அது விற்ற வேகத்தில், பிரெஞ்சு மொழியில் பிஸ்டலுக்கே 'பிரவுனிங்' என்று பெயர் வந்துவிட்டது. நாம போட்டோகாபியை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

குழல் கீழே இறங்கும் டிசைனை எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் (தங்கம் இல்லைங்க, அது நிறுவனரின் பெயர்). 1900-ல் அந்தப் பிஸ்டல் கடைக்கு வந்தது.

அதன் பூட்டு இப்படித்தான். குழலின் மேல்பக்கத்தில் சில மேடுகள், ஸ்லைடின் உள்பக்கத்தில் அதற்கேற்ற பள்ளங்கள். இரண்டும் பொருந்தியிருக்கும்வரை பூட்டு. குழலுக்குக் கீழே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சின்ன லிங்க்குகள். இரண்டு மடக்குக் கால்களில் நிற்கும் ஒரு பலகையைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும்? கால்கள் சாயும், பலகை மட்டம் மாறாமல் கீழே இறங்கும். அதேபோல, சுட்டதும் குழலும் ஸ்லைடும் பூட்டிய நிலையிலேயே கொஞ்சம் பின்னால் வரும். அதற்குள் குண்டு போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும். லிங்க்குகள் சாய, குழல் கீழே இறங்க, மேடும் பள்ளமும் பிரியும். ஸ்லைடு மட்டும் பின்னால் போய் வேலையைப் பார்க்கும்.

அருமையான யோசனை. ஆனா ஒரு குறை. ஸ்லைடைப் பின்பக்கமிருந்து பொருத்த வேண்டியிருந்தது. முன்முனையில் குறுக்கே செருகிய ஒரு சின்ன ஆப்பு போன்ற துண்டுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. அது உடைந்தாலோ, மாட்ட மறந்தாலோ, ஸ்லைடு நேராகச் சுடுபவரின் முகத்துக்குத்தான் வரும்!

இரண்டு ஒன்றானது

இந்த நேரத்தில் அமெரிக்க ராணுவத்துக்குப் பெரிய பிஸ்டல் தேவைப்பட்டது. அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிலிப்பைன்ஸை அமெரிக்கா ஆக்கிரமித்திருந்த காலம் அது. தெற்குத் தீவுகளில் எதிர்த்துப் போரிட்ட மோரோ மக்களை, தங்களிடமிருந்த .38 ரிவால்வர்களால் தடுத்து நிறுத்த முடியவில்லை என்று ராணுவத்தினர் புகார் சொன்னார்கள். 1904-ல் கால்நடைகளின் மீதும் மனிதச் சடலங்களின் மீதும் சுட்டுப் பார்த்துச் சோதனை நடத்தினார்கள். .45 அளவுக்குக் குறையாத குண்டுதான் வேண்டும் என்று முடிவானது.

.45 தோட்டாவோடு கோல்ட், சாவேஜ் உள்ளிட்ட நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. பிரவுனிங் தன் பழைய டிசைனை மறுபடி மேசைக்கு எடுத்துவந்தார். பலரும் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? அந்த ஆப்பைத் தடிமனாக்குவார்கள், இன்னொரு பாதுகாப்புத் துண்டைச் சேர்ப்பார்கள். பிரவுனிங் செய்தது தலைகீழ். முன்னால் இருந்த லிங்க்கைத் தூக்கி எறிந்துவிட்டார்!

குழல் முழுசாக மட்டமாக இறங்க வேண்டிய அவசியமே இல்லை, பின்முனை மட்டும் இறங்கினால் போதும் என்று கண்டுகொண்டார். முன்முனையை ஸ்லைடின் நுனியில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். பின்னால் மட்டும் ஒரு லிங்க். சுட்டதும் குழல் பின்பக்கம் லேசாகச் சாயும், பூட்டு திறக்கும். ஸ்லைடை இப்போது முன்பக்கமிருந்து பொருத்த முடிந்தது. அதனால், பின்னால் கழன்று முகத்துக்கு வரும் ஆபத்தும் போனது. ஒரு பாகம் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது.

1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. ஒரே பிஸ்டலில் 6,000 குண்டுகள். 100 முறை சுட்டதும் ஆறவைக்க 5 நிமிடம், 1,000 முறைக்கு ஒருதடவை சுத்தம் செய்து எண்ணெய். இவ்வளவுதான் சலுகை. பிரவுனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. சாவேஜ் பிஸ்டல் பலமுறை தடுமாறியது. மார்ச் 29-ல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 'எம் 1911' என்ற அந்தப் பிஸ்டல், 1985 வரை, அதாவது 74 வருடங்கள் அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ கைத்துப்பாக்கியாக இருந்தது.

ஜூன் 28

இதுவரை ஒரு வெற்றிக்கதைதான். ஆனா, இது துப்பாக்கியின் கதை. அது யார் கைக்குப் போகிறது என்பதை விட்டுவிட்டு எழுத முடியாது.

1914, ஜூன் 28. சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக்கொன்றான். சதிக்காரர்கள் கையில் இருந்த 4 பிஸ்டல்களும் எஃப்.என். தயாரிப்பு, பிரவுனிங் டிசைன் செய்த 1910 மாடல். பூட்டு இல்லாத, எளிமையான, சட்டைப்பைக்குள் அடங்கும் ரகம்.

அடுத்த சில வாரங்களில் முதல் உலகப்போர் வெடித்தது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஜெர்மன் படைகள் முதலில் பாய்ந்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? லியேஜ். அந்தப் பிஸ்டல்கள் பிறந்த அதே ஊர்!

அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, பிரவுனிங்கின் இயந்திரத் துப்பாக்கியும் தானியங்கி ரைஃபிளும் ராணுவத்துக்குப் போயின. அவற்றோடு பிஸ்டலுக்கும் சேர்த்து, அரசு கொடுக்க முன்வந்த தொகை 7,50,000 டாலர். ராயல்டியாகக் கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். பேரம் பேசாமல் சம்மதித்தார். ராணுவ அதிகாரியான அவர் மகன் வால், அப்பாவின் ஆயுதங்களோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார்.

ஒன்றும் இல்லாமல் போனது

போர் முடிந்தது. பிரெஞ்சு ராணுவம் அதிகத் தோட்டாக்கள் பிடிக்கும் புதிய பிஸ்டல் கேட்டது. எஃப்.என். வேலையை பிரவுனிங்கிடம் கொண்டுவந்தது. அங்கே வேலை பார்த்த தியூதொனே சேவ் என்ற இளம் டிசைனர், தோட்டாக்களை ஒரே வரிசையில் அடுக்காமல், இடம் வலமாக மாற்றி மாற்றி அடுக்கும் மேகசினை உருவாக்கினார். அதற்கேற்ற பிஸ்டலை பிரவுனிங் யோசித்தார்.

அப்போது அவருக்கு 68 வயது நெருங்கியிருந்தது. பெயர், பணம், விருது எல்லாம் வந்தாகிவிட்டது. உலகமே மெச்சிய 1911 பிஸ்டலின் பூட்டை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மிச்சமிருந்த அந்த ஒற்றை லிங்க்கையும் கழற்றிப் போட்டார்!

குழலின் அடியில், குழலோடு சேர்ந்தே ஒரு தடித்த பகுதி. அதில் சரிவான ஒரு வழி. பிஸ்டலின் உடலில் குறுக்கே ஒரு கம்பித் துண்டு. குழல் பின்னால் வரும்போது அந்தச் சரிவு கம்பியில் வழுக்கி, குழலைக் கீழே இழுத்துவிடும். தனியாக ஆடும் துண்டு இல்லை, தேய்ந்து உடைய மெல்லிய லிங்க் இல்லை. இரண்டு, ஒன்றாகி, இப்போது பூஜ்யம்.

காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்த தேதி, 1923, ஜூன் 28. சரயேவோ சம்பவம் நடந்து சரியாக 9 வருடங்கள். தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தேதியைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது.

1926, நவம்பர் 26. லியேஜில், மகன் வாலின் அலுவலகத்தில் இருந்தபோது, மாரடைப்பால் பிரவுனிங் இறந்தார். வயது 71. அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமைகள் மொத்தம் 128. லிங்க் இல்லாத பிஸ்டலுக்கான உரிமை கையில் வந்து சேர்ந்தது, 1927 பிப்ரவரியில். மூன்று மாதங்கள் தாமதம்.

சேவ் அந்த டிசைனை எடுத்து மேலும் பல வருடங்கள் செதுக்கினார். 13 தோட்டா கொள்ளும் பிஸ்டலாக 1935-ல் 'ஹை பவர்' வெளிவந்தது. கேட்ட பிரெஞ்சு ராணுவம் கடைசியில் அதை வாங்கவேயில்லை என்பது தனிக்கதை. இரண்டாம் உலகப்போரில் ஒரே பிஸ்டல் இரண்டு பக்கமும் சுட்டது. ஜெர்மனி பிடித்த லியேஜில் ஜெர்மன் படைக்காகத் தயாரானது. கனடாவில் நேச நாடுகளுக்காகத் தயாரானது. அந்தக் கனடா வடிவம்தான் இந்தியாவுக்கும் வந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ரைஃபிள் தொழிற்சாலை தயாரித்து, நம் ராணுவ வீரர்கள் இடுப்பில் சுமந்த 9 எம்.எம். 'பிஸ்டல் ஆட்டோ 1ஏ', பிரவுனிங் விட்டுச்சென்ற யோசனையின் பேரன்.

கழிக்கும் வேலை அதோடும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள், குழலின் மேல் இருந்த மேடு பள்ளங்களையும் எடுத்துவிட்டார்கள். காலித் தோட்டா வெளியேற ஸ்லைடில் இருக்கும் ஜன்னலிலேயே, குழலின் சதுரமான பின்பகுதி போய்ப் பூட்டிக்கொள்ளும். சிக் சாவர், கிளாக் போன்ற பிஸ்டல்கள் அந்த ரகம். ஆனா, குழலைப் பின்னால் சாய்த்து விடுவிக்கும் அந்த அடிப்படை மட்டும் மாறவில்லை.

பிரவுனிங்கை இன்றைக்குப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மியூசியங்களுக்குப் போகலாம். ஒன்று, அவர் சொந்த ஊரான ஆக்டனின் பழைய ரயில் நிலையத்தில் இருக்கிறது. அவர் கைப்பட உருவாக்கிய துப்பாக்கிகளை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, வியன்னாவின் ராணுவ மியூசியம். சரயேவோ சதிக்காரர்களின் பிஸ்டல் அங்கே இருக்கிறது. பக்கத்தில் இளவரசர் வந்த கார், ரத்தக்கறை படிந்த அவரின் சட்டை.

முதல் மியூசியத்தில் அந்த மனிதரின் திறமையை முழுசாகப் பார்த்துவிடலாம். ஆனா, இரண்டாவதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தால்தான் அவர் கதை முடியும்.